புது ஜப்பானிய சூப்பர்காரின் முதல் விமர்சனங்களை எப்படிப் படிப்பது

ஒரு புது ஜப்பானிய சூப்பர்காரைப் பற்றிய முதல் விமர்சனங்கள் பெரும்பாலும் ஒரே நாளில், ஒரே மணிக்கு வெளியாகும். சிங்கப்பூர் நேரத்துக்கு அது பல சமயம் ராத்திரியாக இருக்கும். காலையில் எம்ஆர்டியில் ஏறி வாட்ஸ்அப்பைத் திறந்தால் குழுவில் சண்டையே முடிந்து போயிருக்கும். ஒருவர் "போச்சு, கெடுத்துட்டாங்க" என்று எழுதியிருப்பார், இன்னொருவர் "இனிமே ஃபெராரி வாங்குறவன் யோசிக்கணும்" என்று எழுதியிருப்பார், நடுவில் யாரோ ஹோண்டாவின் பழைய என்எஸ்எக்ஸ் சூப்பர்கார் படத்தைப் போட்டு "இதுக்கு ஈடே இல்லை" என்று முடித்து வைத்திருப்பார். காரை யாரும் தொட்டதில்லை. விமர்சனத்தைக் கடைசி வரி வரை படித்தவர்களும் இரண்டு மூன்று பேர்தான் இருப்பார்கள்.

இந்தக் கார்கள் மேல் எனக்கு உயிர். பல வருடம் உழைத்துச் செய்த ஒரு காரை ஒரு தலைப்பை மட்டும் பார்த்துவிட்டுத் தள்ளுவதும் சரி, தூக்கிக் கொண்டாடுவதும் சரி, இரண்டுமே மனசுக்கு ஒப்பவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

இப்போது எழுதக் காரணம் டொயோட்டாவின் ஜிஆர் ஜிடி. 2025 டிசம்பரில் அதைக் காட்டினார்கள். 4 லிட்டர் வி8, இரண்டு டர்போ, கூடவே ஒரு மின் மோட்டார், அலுமினியச் சட்டம். சக்தி 650 பிஎஸ்ஸுக்கு (மெட்ரிக் குதிரைசக்தி) குறையாது, எடை 1,750 கிலோவைத் தாண்டாது, வேகம் மணிக்கு 320 கிலோமீட்டருக்கு மேல் என்றார்கள். 2027 வாக்கில் விற்பனைக்கு வரும் என்றும் சொல்லியிருக்கிறார்கள். இந்த எண்கள் எல்லாமே உருவாக்கக் கட்டத்தின் இலக்குகள். அதாவது இந்தக் காரைப் பற்றி வரும் ஆரம்ப விமர்சனங்களில் எதை எப்படி எடுத்துக்கொள்வது என்று இப்போதே தெரிந்து வைத்துக்கொண்டால், அப்போது குழுவில் உருப்படியாகப் பேசலாம்.

நான் சொல்ல வருவது இதுதான். முதல் விமர்சனத்தில் தீர்ப்பை விட்டுவிட்டு, அந்தத் தீர்ப்புக்கு எழுதியவர் சொல்லும் காரணத்தைத் தேடுங்கள். "ஸ்டீயரிங் உயிரில்லாமல் இருக்கிறது" என்பது தீர்ப்பு. எந்த டயரில், எந்த மோடில் (காரில் தேர்ந்தெடுக்கும் ஓட்டும் முறை), எந்தச் சாலையில், எவ்வளவு நேரம் ஓட்டிவிட்டு அப்படிச் சொன்னார் என்பதுதான் நமக்கு உதவும். காரணம் சொல்லாத தீர்ப்பை, பாராட்டாக இருந்தாலும், ஒதுக்கி வையுங்கள்.

முதல் வேலை: இது எந்த வகை விமர்சனம்?

எல்லாவற்றையும் விமர்சனம் என்றே சொல்கிறோம், ஆனால் உள்ளே பல வகை இருக்கிறது. உருமறைப்பு ஒட்டிய மாதிரி வண்டியில் பொறியாளர் ஓட்ட, பத்திரிகையாளர் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து எழுதுவது ஒன்று. அதில் சத்தமும் சவாரியும் பற்றித் தெரியும், ஸ்டீயரிங் பற்றி ஒன்றும் தெரியாது. உட்கார்ந்து வந்தவர் கையாளுதலைப் புகழ்ந்தால் அவர் பொறியாளரைப் புகழ்கிறார் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது மாதிரி வண்டியைச் சில சுற்று ஓட்டிப் பார்ப்பது. மென்பொருள் முடிந்திருக்காது, உள்ளே பிளாஸ்டிக் இறுதியானதாக இருக்காது. அதற்கடுத்துதான் உலகம் முழுவதும் ஒரே நேரத்தில் வெளியாகும் அறிமுக ஓட்டம். நிறுவனமே அழைத்து, தங்க வைத்து, சாலையையும் பந்தயத் தடத்தையும் தானே தேர்ந்தெடுத்து, எம்பார்கோ என்ற நேரக் கட்டுப்பாடு வைத்து நடத்துவது. எல்லாம் ஒரே மணிக்கு வருவதற்குக் காரணம் இந்தக் கட்டுப்பாடுதான். இதில் எழுதுபவர் பொய் சொல்வார் என்று நான் சொல்லவில்லை, நல்ல விமர்சகர்கள் அங்கேயும் நேராகத்தான் எழுதுகிறார்கள். ஆனால் சாலையை யார் தேர்ந்தெடுத்தது என்பதை மறக்கக் கூடாது. வழவழப்பான தடத்தில் மட்டும் ஓட்டவிட்டால், மேடுபள்ளத்தில் எப்படி இருக்கும் என்று அவருக்கே தெரியாது.

பிறகுதான் சொந்தக் கருவிகளோடு அளக்கும் முழுச் சோதனை, மற்ற கார்களோடு ஒப்பீடு, மாதக்கணக்கில் வைத்திருந்து எழுதும் நீண்டகாலக் குறிப்பு எல்லாம் வரும். வரிசையில் கடைசியில் வருபவைதான் எடை உள்ளவை, ஆனால் அதற்குள் குழுவில் எல்லாரும் அடுத்த காருக்குப் போயிருப்பார்கள். நீங்கள் போகாதீர்கள்.

என்எஸ்எக்ஸ்: இதைவிட நல்ல பாடம் கிடையாது

இரண்டாம் தலைமுறை ஹோண்டா என்எஸ்எக்ஸ் விஷயத்தைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் ஆரம்ப விமர்சனங்களில் என்னவெல்லாம் நடக்குமோ அத்தனையும் அதில் நடந்தது.

2012ல் டெட்ராய்ட்டில் கான்செப்ட் காட்டினார்கள். தயாரிப்பு வடிவம் வந்தது 2015 ஜனவரியில். மூன்று வருடம் காத்திருந்தவர்கள் மனசில் அதற்குள் ஒரு கார் தானாகவே உருவாகிவிட்டது: 1990ல் வந்த முதல் என்எஸ்எக்ஸ் மாதிரி லேசாக, கையால் கியர் போட்டு, தலைக்குப் பின்னால் இன்ஜின் கத்துகிற கார். வந்ததோ 3.5 லிட்டர் வி6, இரண்டு டர்போ, மூன்று மின் மோட்டார், ஒன்பது கியர் இரட்டைக் கிளட்ச், அமெரிக்காவின் ஒஹாயோவில் செய்தது, எடை 1,700 கிலோவுக்கு மேல். முதல் விமர்சனங்களில் வேகத்தைப் பற்றி யாருக்கும் சந்தேகம் இல்லை. "ஆனால் மனசைத் தொடவில்லை" என்ற வரி பல இடத்தில் இருந்தது. வளைவில் முன்பக்கம் வெளியே தள்ளுகிறது, அதாவது அண்டர்ஸ்டீயர், என்றார்கள். அந்த விலைக்கு உள்ளே திரையில் சத்தத்தைக் கூட்டிக் குறைக்க ஒரு திருகுகூட இல்லையே என்றார்கள்.

ரசிகர்கள் இதையெல்லாம் ஒரே மூட்டையாகக் கட்டி "ஹோண்டா தோத்துருச்சு" என்று முடித்தார்கள். இங்கேதான் நாம் வேறு மாதிரி படிக்க வேண்டும். மூட்டையைப் பிரியுங்கள். ஒவ்வொரு குறையையும் எடுத்து, இது மாற்றக்கூடியதா, காரின் அடிப்படையிலேயே இருப்பதா என்று கேளுங்கள்.

அண்டர்ஸ்டீயர் பெரும்பாலும் டயரிலும், வளைவில் கார் சாய்வதைக் குறைக்கும் ஸ்டெபிலைசர் பார்களிலும், அதிர்வைத் தணிக்கும் டேம்பரின் மென்பொருளிலும் இருக்கும் விஷயம், சரிசெய்யலாம். சரிசெய்தார்கள். 2019 மாடலில் முன் பார் 26 சதவீதமும் பின் பார் 19 சதவீதமும் விறைப்பானது, டயர் மாறியது, அதன்பின் ஓட்டியவர்கள் கார் வளைவில் திரும்பும் விதமே வேறு என்று எழுதினார்கள். ஆனால் எடை? மூன்று மோட்டாரும் பேட்டரியும் இருக்கும் வரை எடை இருக்கும். அது அடிப்படை. முன்சக்கரம் ஒவ்வொன்றுக்கும் ஒரு மோட்டார் வைத்து, வளைவில் உள்பக்கச் சக்கரத்தையும் வெளிப்பக்கச் சக்கரத்தையும் தனித்தனியாக இழுக்க வைப்பதுதான் அந்தக் காரின் உயிர்க்கருத்து, அதற்கான விலை எடை. இதைப் புரிந்துகொண்டு "எனக்கு அந்தக் கருத்தே பிடிக்கவில்லை" என்று சொன்னால் அது நல்ல விமர்சனம், மதிக்கிறேன். "முன்பக்கம் தள்ளுகிறதாம், குப்பை" என்று சொன்னால் அவர் பார்ப்பது ஒரு டயரை.

"மனசைத் தொடவில்லை" என்பது இன்னும் கடினமான குறை. அந்த விமர்சனங்களைப் படிக்கும்போது நான் தேடுவது மோடு. அந்தக் காரில் குவைட், ஸ்போர்ட், ஸ்போர்ட் பிளஸ், டிராக் என்று நான்கு இருந்தன. இன்ஜின் சத்தம் உள்ளே வரும் அளவு, ஸ்டீயரிங் கனம், டேம்பர் எல்லாம் அதற்கேற்ப மாறும். எந்த மோடில் எத்தனை நேரம் என்று எழுதாதவர் சொல்லும் "மனசு" எனக்குப் போதாது.

இன்னொன்று. முதல் என்எஸ்எக்ஸோடு ஒப்பிட்டார்களே, அந்த முதல் கார் வந்தபோதும் "ரொம்ப ஒழுங்காக இருக்கிறது, ஆன்மா இல்லை" என்று சிலர் சொன்னார்கள். 270 குதிரைசக்தி, முழு அலுமினிய உடல், 8,000 ஆர்பிஎம் (இன்ஜின் ஒரு நிமிடத்தில் சுற்றும் எண்ணிக்கை) வரை போகும் 3 லிட்டர் வி6. அதை ஓட்டிப் பார்த்து, மெக்லாரன் எஃப்1 சூப்பர்காரின் வடிவமைப்புக்கு அளவுகோலாக வைத்துக்கொண்டேன் என்று அந்தக் காரை வடிவமைத்த கார்டன் மர்ரே பிற்பாடு சொன்னார். ஃபார்முலா 1 பந்தய வீரர் அயர்டன் சென்னா 1989ல் ஜப்பானின் சுசூகா தடத்தில் மாதிரி வண்டியை ஓட்டிவிட்டு உடல் கொஞ்சம் பலவீனமாகத் தெரிகிறது என்று சொன்னதும், அதன்பின் பொறியாளர்கள் ஜெர்மனியின் நூர்பர்க்ரிங் பந்தயத் தடத்தில் முகாம் போட்டு உடலின் விறைப்பை ஏறக்குறைய 50 சதவீதம் கூட்டியதும் ஹோண்டாவே சொல்லும் வரலாறு. சென்னா சொன்னதும் ஒரு ஆரம்ப விமர்சனம்தான். அதில் என்ன குறை, எங்கே குறை என்று தெளிவாக இருந்தது, அதனால் கார் மாறியது.

2022ல் இரண்டாம் தலைமுறை நின்றபோது, கடைசியாக வந்த 350 டைப் எஸ் வண்டிகளுக்கு எழுதிய கட்டுரைகளையும் 2016 கட்டுரைகளையும் பக்கத்தில் வைத்துப் படித்துப் பாருங்கள். ஒரே கார், ஆறு வருடம், தொனியே வேறு. நேரம் கிடைத்தால் இந்த ஒரு பயிற்சியைக் கட்டாயம் செய்யுங்கள் என்பேன்.

எல்எஃப்ஏ, ஜிடி-ஆர்: சுருக்கமாக

லெக்ஸஸ் எல்எஃப்ஏ வந்தபோது எல்லாரும் அந்த 4.8 லிட்டர் வி10ன் சத்தத்தில் மயங்கினார்கள். இன்ஜின் சும்மா நிற்கும் நிலையிலிருந்து 9,000 ஆர்பிஎம்முக்கு 0.6 வினாடியில் ஏறும், முள் வைத்த மீட்டரால் அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியாது என்பதால் திரை வைத்தார்கள். ஆனால் ஒற்றைக் கிளட்ச் கியர்பெட்டி மெதுவானது, 375,000 அமெரிக்க டாலர் விலை ரொம்ப அதிகம் என்பதும் அதே கட்டுரைகளில் இருந்தது. இரண்டும் சரியான குறைகள். 500 வண்டிதான் செய்தார்கள், இன்று அவை அந்த விலையைப் போல இரண்டு மடங்குக்கு மேல் கேட்கின்றன. கியர்பெட்டி வேகமாகிவிடவில்லை. ஆனால் அந்தச் சத்தம் மாதிரி ஒன்று அதன்பின் வரவில்லை, அதற்குத்தான் மனிதர்கள் காசு கொடுக்கிறார்கள். ஆரம்ப விமர்சனத்தில் குறையும் பாராட்டும் இரண்டுமே சரியாக இருந்து, எது நிலைக்கும் என்பது மட்டும் தெரியாமல் இருக்கலாம்.

நிசான் ஜிடி-ஆர் ஆர்35 வேறு கதை. 2007ல் டோக்கியோ கண்காட்சியில் வந்து அந்த டிசம்பரில் ஜப்பானில் விற்பனை தொடங்கியது, 7.77 மில்லியன் யென்னில். "கம்ப்யூட்டர் ஓட்டுகிறது, மனுஷன் எதுக்கு" என்ற வரி அன்றைக்கே கிளம்பி, 2025 ஆகஸ்ட்டில் கடைசி வண்டி வெளியே வரும் வரை போகவில்லை. ஆர்35 ஓட்டியவர்களிடம் பேசிப் பாருங்கள். கையில் வந்து சேரும் அதிர்வையும் பின்னால் கியர்பெட்டி போடும் உலோகச் சத்தத்தையும் பற்றி மணிக்கணக்கில் சொல்வார்கள். யாரோ முதல் நாள் சொன்ன நல்ல வாக்கியம், காரைவிட நீண்ட ஆயுள் வாழ்ந்துவிடும். அதனால் எல்லாரும் ஒரே வாக்கியத்தைச் சொல்லும்போது கூடுதல் கவனம் வையுங்கள்.

எண்களைப் படிக்கும்போது

இதில்தான் குழுச் சண்டை பாதி நடக்கிறது, கொஞ்சம் தெரிந்தால் சண்டையே வராது.

பிஎஸ், குதிரைசக்தி, கிலோவாட் மூன்றும் வேறு வேறு. இரண்டாம் என்எஸ்எக்ஸுக்கு ஒரு இடத்தில் 581 என்றும் இன்னொரு இடத்தில் 573 என்றும் போட்டிருக்கும். முதலாவது பிஎஸ், இரண்டாவது பிரிட்டிஷ் குதிரைசக்தி. ஒரே இன்ஜின். "அமெரிக்காவுக்குக் குறைச்சுக் குடுத்துட்டாங்க" என்று யாராவது சொன்னால் இதைக் காட்டுங்கள்.

0 முதல் 60 மைல் என்பது மணிக்கு 96.6 கிலோமீட்டர், 100 இல்லை. அதோடு பெரிய அமெரிக்கப் பத்திரிகைகள் கார் நகர ஆரம்பித்த முதல் ஓர் அடி தூரத்தைக் கணக்கில் சேர்ப்பதில்லை, அங்கேயே 0.2, 0.3 வினாடி போய்விடும். எனவே அமெரிக்கப் பத்திரிகையின் 2.9ம் ஐரோப்பியப் பத்திரிகையின் 3.3ம் ஒரே காராக இருக்கலாம்.

எடையில் திரவங்கள் எல்லாம் நிரப்பியதா, காய்ந்த எடையா என்று பாருங்கள். எழுதவில்லை என்றால் அந்த எண்ணை வைத்து எதுவும் வாதாட வேண்டாம்.

நூர்பர்க்ரிங் சுற்று நேரம் பற்றி ஒரு விஷயம். பழைய நேரங்கள் பெரும்பாலும் 20.6 கிலோமீட்டருக்கு அளந்தவை. 2019க்குப் பிறகு அதிகாரப்பூர்வமாக 20.832 கிலோமீட்டர் முழுச் சுற்று. அதனால் 2011ல் எல்எஃப்ஏ போட்ட 7 நிமிடம் 14.64 வினாடியை இன்றைய கார் போடும் நேரத்தோடு அப்படியே வைத்துப் பார்ப்பது தப்பு. ஆர்35ஐயே எடுத்துக்கொள்ளுங்கள், அறிமுகத்தில் 7:38, அடுத்த ஏப்ரலில் 7:29, 2013ல் அதன் நிஸ்மோ பதிப்பு 7:08. டயரும் டேம்பரும் சக்தியும் வருடா வருடம் மாறிக்கொண்டே இருந்தன. அந்த 7:29ஐ போர்ஷே வெளிப்படையாகவே கேள்வி கேட்டது, நிசான் மறுத்தது. சுற்று நேரத்தை யார் அளந்தார்கள், எந்த டயர், சாலையில் ஓட்டும் டயர்தானா என்ற மூன்று கேள்விக்கும் விமர்சனத்தில் பதில் இல்லை என்றால் அந்த வரியைத் தாண்டிப் போய்விடுங்கள்.

அதைச் சிங்கப்பூருக்குக் கொண்டுவருவது

விமர்சகர் ஓட்டிய சாலை நம் சாலை இல்லை. இதை நம்மவர்கள் பலர் யோசிப்பதே இல்லை, எனக்கு இதுதான் எல்லாவற்றையும்விட முக்கியமாகத் தோன்றுகிறது.

மழையிலிருந்து ஆரம்பிக்கலாம். ஜிஆர் ஜிடிக்கு மிச்செலின் பைலட் ஸ்போர்ட் கப் 2 டயர் என்று அறிவித்திருக்கிறார்கள். காய்ந்த தடத்தில் அபாரமான டயர், ஆனால் தண்ணீரை வெளியே தள்ளும் பள்ளங்கள் அதில் குறைவு. நம் ஊரில் சாயங்காலம் மூன்று மணிக்கு வானம் கறுத்து, பிஐஇ விரைவுச்சாலையில் முன்னால் போகும் லாரியின் விளக்குகூடத் தெரியாமல் கொட்டும். அந்த நேரத்தில் 850 நியூட்டன் மீட்டர் முறுக்கு விசையைப் பின்சக்கரம் இரண்டும் மட்டும் சமாளிக்க வேண்டும். எனவே அறிமுக ஓட்டத்தில் மழை பெய்த நாளில் ஓட்டிய விமர்சகர் கிடைத்தால் அவர் கட்டுரையை முதலில் படியுங்கள். மற்றவர்கள் "மழை கெடுத்துவிட்டது" என்று எழுதும் நாள்தான் நமக்குப் பொருத்தமான நாள்.

அடுத்து வெயிலும் நெரிசலும். 32 டிகிரியில் சிடிஇ விரைவுச்சாலையில் நகராமல் நிற்கும்போது ஏர்கான், பேட்டரிக் குளிர்விப்பு, கியர்பெட்டிச் சூடு, தாழ்ந்த வேகத்தில் கிளட்ச் வழுக்கும் விதம் இதெல்லாம் எப்படி? அறிமுக ஓட்டத்தில் இதை யாரும் சோதிப்பதில்லை. நகருக்குள் ஓட்டியதைப் பற்றி ஒரு பத்தி இருந்தால் அதைத் தேடிப் படியுங்கள், அந்த ஒரு பத்தி பந்தயத் தடத்தைப் பற்றிய பத்துப் பத்தியைவிட நமக்கு மேல்.

அளவு. ஜிஆர் ஜிடி நீளம் 4,820 மில்லிமீட்டர், அகலம் 2,000. நம் வழக்கமான கார் நிறுத்தக் கட்டம் 4.8க்கு 2.4 மீட்டர். நீளத்தில் மூக்கு வெளியே நிற்கும், அகலத்தில் பக்கத்துக்கு 20 சென்டிமீட்டர்தான் மிச்சம், கதவைத் திறந்து ஆள் இறங்க வேண்டும். வீவக பலமாடி நிறுத்துமிடத்தின் சரிவு வளைவுகளை நினைத்துக்கொள்ளுங்கள். முன்பக்கத்தைத் தூக்கும் வசதி இருக்கிறதா, எவ்வளவு வேகத்தில் தூக்கும் என்ற வரியை விமர்சனத்தில் தேடுங்கள்.

வேகம் பற்றிச் சொல்லவே வேண்டாம், விரைவுச்சாலையில் உச்சமே 90. ஆகவே 320ல் எப்படி இருக்கிறது என்பதைவிட 60லும் 80லும் ஸ்டீயரிங் ஏதாவது பேசுகிறதா, சத்தம் மூவாயிரம் ஆர்பிஎம்மில் நன்றாக இருக்கிறதா என்பதுதான் கேள்வி. மெதுவாகப் போகும்போதும் சந்தோஷம் தரும் கார் என்று ஒரு விமர்சகர் எழுதினால் நான் நிமிர்ந்து உட்கார்வேன். முதல் என்எஸ்எக்ஸ் அப்படிப்பட்ட கார் என்றுதான் ஓட்டியவர்கள் சொல்கிறார்கள்.

அப்புறம் விலை. விமர்சனத்தில் "இந்த விலைக்கு இது நியாயம்" என்ற வரி வந்தால் அது அமெரிக்காவிலோ ஜப்பானிலோ நியாயம். இங்கே கணக்கு வேறு, ஒருமுறை போட்டுப் பாருங்கள். ஒரு காரின் திறந்த சந்தை மதிப்பு, அதாவது ஓஎம்வி, 200,000 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். கலால் வரி 20 சதவீதம், 40,000. இரண்டும் சேர்ந்ததற்கு ஜிஎஸ்டி 9 சதவீதம், 21,600. பிறகு கூடுதல் பதிவுக் கட்டணம் ஏஆர்எஃப், 2023 பிப்ரவரியில் மாற்றிய அடுக்குகளின்படி முதல் 20,000க்கு 100 சதவீதம், அடுத்தடுத்த இருபதாயிரங்களுக்கு 140, 190, 250, எண்பதாயிரத்துக்கு மேல் 320 சதவீதம். கூட்டினால் 520,000. ஆக மொத்தம் 781,600 வெள்ளி, இதில் சிஓஇ, அதாவது வாகன உரிமைச் சான்றிதழ், இன்னும் சேரவில்லை, விற்பவரின் லாபமும் சேரவில்லை. பி பிரிவுச் சான்றிதழ் 2025ல் ஒரு லட்சத்துக்கு மேலேயே நின்றது, அதுவும் பத்து வருடத்துக்கு மட்டும். சாலை வரி தனி. 3.8 லிட்டர் ஆர்35 மாதிரிக் காருக்கு ஆறு மாதத்துக்கு 1,800 வெள்ளிக்கு மேல் வரும்.

இதைச் சொல்வது யாரையும் சோர்வடைய வைக்க இல்லை. போட்டிக் கார்களைவிட விலை குறைவு என்பதுதான் ஜப்பானிய சூப்பர்காருக்கு வெளிநாட்டில் கிடைக்கும் பெரிய பாராட்டு. இங்கே ஓஎம்வியில் இருக்கும் வித்தியாசம் நான்கு மடங்குக்கு மேல் பெருகி நிற்கும் என்பதால் அந்தப் பாராட்டுக்கு இங்கே இன்னும் எடை கூடும். ஓஎம்வியில் 50,000 குறைந்தால் சாலைக்கு வரும் விலையில் இரண்டு லட்சத்துக்கு மேல் குறையும்.

பழைய வண்டியை ஜப்பானிலிருந்து எடுத்து வரலாமே என்று சிலர் கேட்பார்கள். பயன்படுத்திய கார் என்றால் மூன்று வயதுக்குள் இருக்க வேண்டும். இல்லையென்றால் 35 வயது நிறைந்து கிளாசிக் திட்டத்தில் வர வேண்டும், அதில் வருடத்துக்கு 45 நாள்தான் ஓட்டலாம். 1990ல் செய்த முதல் என்எஸ்எக்ஸ்கள் இப்போது அந்த வயதைத் தொட்டுவிட்டன, இதை நினைத்தாலே எனக்குச் சந்தோஷமாக இருக்கிறது.

குழுவில் எப்படிப் பேசுவது

முதல் நாள் வாயை மூடிக்கொண்டு இருங்கள் என்று சொல்ல மாட்டேன். அந்தப் பரபரப்பு இல்லாமல் என்ன ரசனை? ஆனால் தீர்ப்பைப் போடுவதற்குப் பதில் கேள்வியைப் போடுங்கள். எங்கள் குழுவில் நடக்கும் பேச்சு இப்படி இருந்தால் எனக்குப் பிடிக்கும்:

"அண்ணே, ஸ்டீயரிங்ல உயிரே இல்லைன்னு எழுதியிருக்கான்."

"எந்த மோடுல தம்பி? எந்த டயர்ல?"

"அது போடலை அண்ணே. தடத்துல நாலு சுத்துதான் ஓட்டியிருக்கான்."

"அப்போ ரோட்ல ஓட்டினவன் யாராவது எழுதியிருக்கானான்னு தேடுப்பா."

அவ்வளவுதான். இரண்டு கேள்வியில் பேச்சு தரமாகிவிடும். தம்பிக்கு அவமானம் இல்லை, அண்ணனுக்கு அகங்காரம் இல்லை.

வெவ்வேறு ரசனை உள்ள மூன்று விமர்சகர்களைத் தேர்ந்தெடுத்துக்கொள்வது ரொம்ப உதவும். ஒருவர் தடத்தில் நேரம் பார்ப்பவர், ஒருவர் சாலையில் உணர்வு பார்ப்பவர், ஒருவர் இன்ஜினைப் பிரித்துப் பேசும் பொறியியல் ஆள். மூவரும் இதற்கு முன் உங்களுக்குத் தெரிந்த காரைப் பற்றி, நீங்கள் ஓட்டியோ உட்கார்ந்தோ பார்த்த காரைப் பற்றி, என்ன எழுதினார்கள் என்று போய்ப் படியுங்கள். டொயோட்டாவின் சின்ன வேகக் காரான ஜிஆர் யாரிஸ் ஓட்டியிருக்கிறீர்களா, அதைப் பற்றி அவர் எழுதியது உங்கள் அனுபவத்தோடு ஒத்துப்போகிறதா பாருங்கள். ஒத்துப்போனால் சூப்பர்கார் பற்றி அவர் சொல்வதையும் நம்பலாம். மூன்று பேரும் ஒரே குறையை வேறு வேறு காரணத்தோடு சொன்னால் அந்தக் குறை உண்மையில் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். ஒரே வார்த்தைகளில் சொன்னால் அது பத்திரிகைக் குறிப்பிலிருந்து வந்ததாகக்கூட இருக்கலாம்.

வீடியோவில் சத்தத்தை வைத்து மட்டும் முடிவு செய்யாதீர்கள். மைக் எங்கே வைத்தார்கள் என்பதைப் பொறுத்து வி8 இடி மாதிரியும் கேட்கும், தையல் இயந்திரம் மாதிரியும் கேட்கும்.

நேரில் பார்க்க வழி

வாங்க முடியாதவர்களுக்கு விமர்சனம் மட்டும்தான் கதி என்பதில்லை. விடுமுறைக்கு ஜப்பான் போகிறவர்கள் நம்மில் எத்தனையோ பேர். ஃபூஜி ஸ்பீட்வேக்குப் பக்கத்திலேயே 2022ல் திறந்த ஃபூஜி மோட்டார்ஸ்போர்ட்ஸ் அருங்காட்சியகம் இருக்கிறது. நகோயா பக்கம் நகாகுத்தேயில் டொயோட்டா அருங்காட்சியகம் இருக்கிறது. மோட்டேகியில் ஹோண்டா கலெக்‌ஷன் ஹால். குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு போனாலும் அவர்களுக்கும் பிடிக்கும். முதல் என்எஸ்எக்ஸின் கூரை எவ்வளவு தாழ்வு, கண்ணாடி எவ்வளவு பெரிசு என்பது படத்தில் தெரியாது, நேரில் தெரியும். அதைப் பார்த்த பிறகு "முன்னால் எல்லாம் தெரிகிறது" என்று விமர்சகர்கள் அந்தக் காரைப் பற்றி ஏன் திரும்பத் திரும்ப எழுதினார்கள் என்பது சட்டென்று புரியும்.

தடத்தில் ஓடுவதைப் பார்க்க வேண்டும் என்றால் நமக்கு இருக்கவே இருக்கிறது மலேசியாவின் சிப்பாங் தடம். சொந்தக் காரில் போகிறவர்கள் சோதனைச்சாவடியில் முக்கால் டேங்க் பெட்ரோல் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள், மலேசியாவுக்கான வாகன நுழைவு அனுமதி விஇபியையும் மறக்காதீர்கள். ஜிஆர் ஜிடியோடு சேர்த்து ஜிடி3 பந்தய வடிவத்தையும் டொயோட்டா காட்டியிருக்கிறது. பந்தயக் கார் எந்தப் பலவீனத்தோடு போராடுகிறது, முன் டயரா, பின் டயரா, பிரேக்கா என்று கவனித்தால், சாலை வடிவத்தின் விமர்சனத்தில் வரும் வரிகளுக்கு நமக்கென்று ஓர் அளவுகோல் கிடைக்கும்.

கடைசியாக ஒரு வேலை. முதல் நாள் குழுவில் எழுந்த கேள்விகளை ஒரு குறிப்பில் எழுதி, குழுவின் மேலே பின் செய்து வையுங்கள்: மழையில் எப்படி, நெரிசலில் எப்படி, டயர் எத்தனை கிலோமீட்டர் வருகிறது, மென்பொருள் எத்தனை முறை மாறியது, கார்பன் செராமிக் பிரேக் குளிரான நிலையில் எப்படிப் பிடிக்கிறது. ஒரு வருடம் கழித்து நீண்டகால விமர்சனங்களும் உரிமையாளர்களின் குறிப்புகளும் வர ஆரம்பிக்கும். அப்போது ஒவ்வொரு கேள்விக்கும் கீழே பதிலை நிரப்பிக்கொண்டே போங்கள். நிரம்பாமல் நிற்கும் கேள்விகளை, வண்டி இங்கே ஷோரூமுக்கு வந்தால், விற்பனையாளரிடம் நேராகக் கேளுங்கள், வாங்கப் போகிறவரா என்று அவர் பார்த்தாலும் பரவாயில்லை.